வருஷக் கடைசியில் தருகிறேன் என்றவனுக்கு

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கூப்பிட்டால் போனை எடுக்காதவன், அப்பா டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும்போது, என்னை வெளி பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாய். யார் என்றே தெரியாதவனுடைய கிட்னி உங்களுக்கு எதற்கு, அம்மா ஏன் ஊராருக்குக் கொடுக்க வேண்டும், வருஷக் கடைசியில் நானே வந்து தருகிறேன் என்றாயாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவர் மெஷினை விட்டு இறங்கியதும் நேரே ஆபரேஷன் ஏற்பாடு செய்யும் டாக்டரம்மாவிடம் போய், கிட்னியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம், என் பையன் தருகிறான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

உனக்குப் புரியும்படி இன்னொரு தடவை சொல்கிறேன். என் ரத்தம் அப்பாவுக்குச் சேராது. அதே மாதிரி ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, அவர் கிட்னி அவர் மனைவிக்குச் சேராது. ஆனால் என்னுடையது அந்தப் பெண்ணுக்குச் சேருகிறது, அவருடையது அப்பாவுக்குச் சேருகிறது. நாலு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன், வாங்கிக்கொண்டு யாரும் கம்பி நீட்டிவிடக் கூடாதே. குழாய் ரிப்பேர் செய்யும் உன் அக்கா வீட்டுக்காரருக்கே ஒரே தடவையில் விளங்கிவிட்டது, இந்தக் குழாயை அங்கே மாட்டு, அந்தக் குழாயை இங்கே மாட்டு, அவ்வளவுதானே அத்தை என்றார். இத்தனை படித்த உனக்கு விளங்கவில்லையாம். எனக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது, என் மனசைக்கூட ஒரு டாக்டர் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று சோதித்துவிட்டார். அந்தக் கணக்குப்பிள்ளையின் மனைவிக்கு உடம்பு மோசமாகிக்கொண்டே போகிறது. இந்த மாசக் கடைசி வரைதான் ஆஸ்பத்திரியில் பொறுப்பார்கள், அப்புறம் அவர்களை வேறு ஜோடியோடு சேர்த்துவிடுவார்கள். அப்பாவுக்குச் சேருகிற மாதிரி இன்னொருவர் எப்போது வருவார் என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை.

போன தடவை வந்தபோதும் ரத்தம் சோதிக்கப் போகிறேன் என்றுதான் கிளம்பினாய், சாயங்காலம் புதுச் செருப்போடு திரும்பினாய். அன்று அப்பா அந்தச் செருப்பை அழகாக இருக்கிறது என்றாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலவு காத்த கிளி மாதிரி இன்றும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொண்டை வறண்டு பேச்சு வரவில்லை, குடிக்கத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கிறேன், அந்த நிலையிலும் உனக்காகப் பரிந்து பேசுகிறார். நான் சண்டை போட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெத்த புள்ள தரேன்னு சொல்லும்போது வெளியாள்கிட்ட வாங்கிக்கிட்டா அவன் மனசு என்ன பாடுபடும்?" உன் மனசு நோகக்கூடாது என்றுதான் அவர் செத்துக்கொண்டிருக்கிறார், தெரிகிறதா?

நீ தரவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. உடம்பு உன்னுடையது, கத்தி என்றால் யாருக்கும் பயம்தான். தருகிறேன் தருகிறேன் என்று சொல்லியே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறாய் பார், அதற்குத்தான் உன் மேல் வயிறு எரிகிறது. நான் சொன்னால் நம்பமாட்டார், இவளுக்குப் பிள்ளையைக் கரித்துக்கொட்டுவதே வேலை என்பார். ஆகவே நீயே கூப்பிட்டு, என்னால் முடியாதுப்பா, அம்மா சொல்வதைக் கேளுங்கள் என்று உன் வாயால் சொல். சுற்றி வளைக்காதே, லீவு கிடைக்கவில்லை என்று கதை கட்டாதே, கட்டினால் அதற்கும் காத்திருப்பார்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் வாயில் வேறு வராது. மறக்காதே, இந்த வாரத்துக்குள் கூப்பிட வேண்டும். அவர் உன்னைத் திட்டுவார் என்று பயப்படாதே. பரவாயில்லைடா, நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்வார். அதை முழுசாகக் கேட்டுவிட்டுப் போனை வை. உனக்கு அந்தத் தண்டனை போதும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்