ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

11.8.2003, திங்கள்

ஷிப்ட் முடிந்து வந்ததும் கருத்தடை மாத்திரை போடுவது என் பழக்கம். இதுவரை ஞாயிறும் ஓவர்டைம் வேலை இருந்தது. நேற்று இல்லை. மாத்திரையை மறந்தே போனேன். வேலை நிரந்தரமாகும்வரை குழந்தை வேண்டாம் என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். காலையில் அட்டையைப் பார்த்ததும் பதறி, பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன்.

"ஒண்ணுதானே வுட்ட? அத்த இப்பவே போடு. இன்னிக்குள்ளதையும் இன்னிக்கே போட்டுடு. ஷிப்ட்ட நம்பாத, கடிகாரத்த நம்பு."

எந்த ஷிப்டானாலும் இரவு ஒன்பதுக்கு விழித்திருப்பேன். இனி அதுதான் நேரம். இன்று கேன்டீனில் சரியாக ஒன்பதுக்குப் போட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, தலைவலியா? லீவு வேணுமா?"

"இதுக்கு லீவே கெடையாது சார்" என்றேன்.