விரத நாளில் மூச்சு மருந்து: தாதியின் நேரடி ஆலோசனையை மீட்டுத்தர வேண்டி

அனுப்புநர்:
சு. ரத்னவேல் (வயது 77),
ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளர், செம்பவாங் கப்பல் பட்டறை,
பிடோக் நார்த், சிங்கப்பூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தண்ணளி சமூக மருந்தகம்,
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்.

பொருள்: மூச்சு மருந்தும் மூக்கு மருந்தும் எடுத்துக்கொள்வோரைத் தாதி நேரில் பார்த்துத் திருத்தும் ஆலோசனையை, வரும் கந்த சஷ்டி விரதத்துக்கு முன் மீண்டும் தொடங்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் துணைவியார் திருமதி உமாமகேஸ்வரி (வயது 72) ஆஸ்துமா நோயாளி. 2017 முதல் தங்கள் மருந்தகத்தில் சிகிச்சை பெற்று வருகிறார். பிடோக்கில் வீட்டருகிலேயே மருந்தகம் இருந்தும் நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரே காரணம், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதோறும் தாதி மரியம்மாள் இரண்டாம் மாடியில் நடத்திவந்த ஆலோசனை. அது சென்ற ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதனால் விளைந்ததையும் இனி விளையக்கூடியதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவதே இம்மனுவின் நோக்கம்.

2. அந்த அறையில் நடந்ததை நேரில் கண்டவர்கள் இன்று தங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறியேன். ஆதலால் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன். மரியம்மாள் எங்களுக்குப் பாடம் நடத்தியதில்லை. மருந்தை எங்கள் கையில் கொடுத்து, “எப்பவும் வீட்ல செய்ற மாதிரியே செய்ங்க, நான் பார்க்கிறேன்” என்பார். முதல் நாள் என் மனைவி இன்ஹேலரை முகத்துக்கு எட்டப் பிடித்து அழுத்தினார். “ஆண்டி, இது சாமிக்குக் காட்டுற கற்பூரம் இல்ல லா. வாயில நல்லாக் கவ்விப் பிடிங்க!” என்றார் மரியம்மாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். என் மனைவிதான் அதிகம் சிரித்தார். மருந்தை இழுத்தபின் பத்து விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். மனத்துக்குள் எண்ணினால் அவர் அவசரப்பட்டு ஏழிலேயே விட்டுவிடுவார். ஆறெழுத்து மந்திரத்தை எத்தனை முறை நினைத்தால் பத்து விநாடி ஆகும் என்று, மாதா பதக்கம் அணிந்த அந்தத் தாதி தம் கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தார். “நிதானமா மூணு தடவை, ஆண்டி. முருகன் பார்த்துக்குவார்” என்று தீர்ப்புச் சொன்னார்.

3. நானும் அங்கே திருத்தம் பெற்றவனே. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிய தெளிப்பு மருந்தை மூன்று வாரமாக அடித்துக்கொண்டிருந்தேன். அடிக்க அடிக்க அடைப்பு மிகுந்தது. குப்பியை வாங்கிப் பார்த்த மரியம்மாள், “இதை மூணு நாளைக்கு மேல அடிச்சா மூக்கு அதையே கேட்கும், அங்கிள். நீங்க பிரஷர் மாத்திரை வேற போடுறீங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்றார். நான் சொல்லவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று வேறு மருந்து வாங்கித் தந்தார். தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கின் நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்கவும் கற்றுத்தந்தார். ஆலோசனை முடிந்ததும் பஃப்ளோ ரோட்டில் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் கோயிலுக்கு நடப்போம். படிகளில் நிற்காமல் ஏறிப்போய் அவர் பதிகம் பாடுவார். அச்செவ்வாய்கள் என் முதுமையின் நல்ல நாள்கள் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

4. ஆலோசனை நின்றபின், காத்திருக்கும் இடத்துச் சுவரில் காணொளித் திரை ஒன்று பொருத்தப்பட்டது. மருந்து எடுக்கும் முறையை அது நான்கு மொழிகளில் காட்டுகிறது. அதன் தமிழில் நான் குறை காணவில்லை. ஆனால் அக்டோபரில் என் மனைவிக்குப் பழைய இன்ஹேலர் குழலுக்குப் பதிலாகப் பொடி மருந்துள்ள வட்டக் கருவி தரப்பட்டது. பழையதை மெதுவாக இழுக்க வேண்டும், புதியதை வேகமாக இழுக்க வேண்டும் என்று திரை சொன்னது. அந்தப் பொடி நாவில் இலேசாக இனிக்கும் என்று சொல்லவில்லை.

5. நவம்பர் இரண்டாம் தேதி கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. கையிருப்பில் இருந்த பழைய குழல் தீர்ந்துவிட, முதல் நாள் காலை பூசை முடித்து வட்டக் கருவியில் முதன்முறையாக மருந்தை இழுத்தவர், நாவில் இனிப்பு பட்டதும் அதிர்ந்துபோனார். பகல் முழுதும் பச்சைத் தண்ணீரும் தொடாதவருக்கு அது உணவாகப்பட்டது. அன்று மாலையிலிருந்து அக்கருவியை அவர் தொடவில்லை. மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரால் சமாளித்தார். இங்கே என் பிழையையும் மறைக்காமல் எழுதியாக வேண்டும். அவர் மருந்தை விலக்கியதை நான் அறிவேன். அறிந்தும், என்னே இவருடைய உறுதி என்று வியந்து பாராட்டினேன். மூச்சையே உயிராகப் போற்றும் நூல்களை ஐம்பது ஆண்டுகளாக ஓதிவருபவன், பக்கத்தில் படுத்திருந்தவரின் மூச்சில் எழுந்த விசில் ஒலியைக் கேட்டும் கேளாதிருந்தேன்.

6. ஆறாம் நாள் மாலை, சூரசம்ஹாரக் கூட்டத்தில், அவர் நின்ற இடத்திலேயே சரிந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அன்றாட மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று அங்கே கேட்டபோதுதான், இனிப்பின் செய்தியே வெளிவந்தது.

7. முந்தைய ஆண்டுகளில் இது நேரவில்லை. தீபாவளிக்கு முன்பே, “சஷ்டி என்னைக்கு ஆரம்பிக்குது, ஆண்டி?” என்று மரியம்மாள் தாமாகக் கேட்பார். “விடியக்காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடி மருந்தை எடுத்துக்குங்க. எப்படியும் வாய் கொப்பளிக்கத்தானே போறீங்க? ராத்திரி விரதம் விட்டப்புறம் ஒரு தடவை. முடிஞ்சிச்சு” என்பார். வாய் கொப்பளிக்காவிட்டால் நாவில் வெண்புண் வரும் என்பதையும் அத்துடன் சேர்த்துச் சொல்வார். புதுக் கருவிக்கும் அதே வழிதான் என்று சொல்ல, சென்ற ஆண்டு யாரும் இல்லை.

8. இவ்வாண்டு விரதம் அக்டோபர் 22ஆம் தேதி தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஆறாம் நாள் முறிந்த விரதத்துக்கு ஈடாக, இம்முறை ஒரு குறையும் இன்றி நோற்பதாக என் மனைவி சங்கல்பம் செய்திருக்கிறார். வட்டக் கருவியை ஆறு நாளும் தொடமாட்டாராம். தங்கள் திறன்பேசிச் செயலியில் கேட்டேன். சமயப் பெரியவரை நாடுமாறு பதில் வந்தது. கோயில் குருக்களைக் கேட்டேன். “டாக்டர் சொல்றபடி செய்ங்கோ” என்றார். நானே பலவாறு எடுத்துச் சொன்னேன். “போன வருஷம் நீங்கதானே பாராட்டினீங்க? உங்ககிட்ட கேட்டா புராணம் வரும், மரியம்மாகிட்ட கேட்டாத்தான் பதில் வரும்” என்று என் வாயை அடைத்துவிட்டார். அவர் சொல்வது நியாயமே.

9. ஆகவே நான் பணிந்து வேண்டுவது: அக்டோபர் 22ஆம் தேதிக்கு முன், தமிழறிந்த தாதி ஒருவர் என் மனைவியைக் கால்மணி நேரம் நேரில் பார்க்க ஆவன செய்யுங்கள். கருவியை அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லிப் பார்க்கட்டும். விரதம் பற்றிக் கேட்கட்டும். மரியம்மாள் இப்போது தங்கள் பாசிர் ரிஸ் கிளையில் தடுப்பூசிப் பிரிவில் இருப்பதாக அறிகிறேன். அவரையே பார்க்க இயலுமாயின், குறிப்பிடும் நாளில் அங்கே அழைத்து வருகிறேன். அவ்வறைக்கு வந்துபோன மற்றவர்களுக்காக, செவ்வாய் ஆலோசனையை மீண்டும் தொடங்குவது குறித்தும் முடிவெடுக்க வேண்டுகிறேன். நோன்பு மாதத்தில் இதே ஐயத்தோடு வந்த முஸ்லிம் அன்பர்களையும் நான் அங்கே கண்டிருக்கிறேன்.

10. ஆலோசனையின்போது நான் வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பேன். அழைத்தாலன்றி உள்ளே வரமாட்டேன், எந்த நூலிலிருந்தும் எதையும் எடுத்துச் சொல்லமாட்டேன் என்று இதன்வழி உறுதியளிக்கிறேன். அவர் மூச்சு நிற்காதிருந்தால் போதும்.

தங்கள் விடையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சு. ரத்னவேல்

இடம்: பிடோக், சிங்கப்பூர்
நாள்: 8 செப்டம்பர் 2025

இணைப்பு: மருத்துவமனை விடுவிப்புக் குறிப்பின் நகல், என் மனைவியின் மருந்துப் பட்டியல்.