கொட்டகைப் பதிவும் கண்ணாடி அறைப் பதிவும்

இன்று காலை கடையில் ரிப்பேருக்கு வந்த போன் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தபோது, என் போனில் உன் குரல் வந்தது. சென்னையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் அனுப்பியிருந்தார். மரக்காணத்தில் நாம் இருவர் மட்டுமே நடத்திய, அலறலும் இரைச்சலுமான பிளாக் மெட்டல் இசைக்குழுவின் பாட்டுகள், நீ செத்துப்போன பிறகு பளபளவென்று ஓர் ஆல்பமாக வந்திருக்கின்றன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

நம்மிடம் இருந்த பதிவு வேறு. காலியாகக் கிடந்த உப்புக் கொட்டகையில், உத்தரத்தில் கயிறு கட்டி என் போனைத் தொங்கவிட்டு எடுத்தது. கடற்காற்று கீற்றைப் பிய்க்கும். உன் கிட்டார் மணலை அரைப்பதுபோல இரையும். நீ கத்துவதில் ஒரு வார்த்தையும் புரியாது. வரிகளை நீ என்னிடம்கூடக் காட்டியதில்லை. இந்த இசைக்குப் பேர்போன நார்வேக்காரர்களின் முதல் பதிவுகளையும், பிற்பாடு உலகம் கொண்டாடிய ஆல்பங்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சண்டை போடுவோம். “மொதல்ல எடுத்ததுல குளிரு இருக்குதுடா. ஆல்பத்துல ஏசிதான் இருக்குது” என்றாய் ஒருமுறை. அதற்குப் பிறகு சுத்தமான ஒலி எதையும் நான் நம்பியதில்லை.

புதியதில் டிரம்ஸ் நான் அடித்ததல்ல, கம்ப்யூட்டர் அடித்தது. அப்படியானால் குரல்? நம் பதிவின் மூன்றாம் பாட்டில் நீ மூச்சு முட்டி இருமுவாய். இதில் இருமலே இல்லை. செத்தவன் குரலை இந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். நீயே வந்து பாடியதாக மிக இனிமையாகச் சொன்னார். அந்த இனிமை என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மஞ்சள் காமாலையில் நீ படுக்கும்வரை, எனக்குத் தெரியாமல் நீ எங்கேயும் போனதில்லையே.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் திடுக்கிடவில்லை. பாட்டோடு சேர்ந்து உதடு அசைந்தது.

“ஆஸ்பத்திரிக்குன்னு உங்கிட்ட சொல்லிட்டு, இதுக்குத்தான் மெட்ராஸுக்குப் போனோம்பா. கண்ணாடி ரூமுக்கு வெளிய என்னை உக்கார வச்சிட்டுப் பாடுனான். என்னடா கத்துற, ஒண்ணும் புரியலியேன்னு கேட்டுக்கினே இருப்பேன். உனக்குப் புரியிற மாதிரி ஒருவாட்டி பாடுறேம்மான்னு சொல்லிட்டான்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ திட்டுவியாம்.”

அப்போதுதான் வார்த்தைகளைக் கவனித்தேன். மூன்றாம் பாட்டு கடவுளைச் சபிக்கிறது என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் வெறியோடு டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டது, கடலுக்குப் போய்த் திரும்பாத உன் அப்பாவை. கரை இந்தப் பக்கம், வா வா என்கிறாய்.

இப்போதும் எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. இன்னும் எதையெல்லாம் என்னிடம் மறைத்தாயோ என்கிற சந்தேகமும் போகவில்லை. சாயங்காலம் கொட்டகைப் பதிவைப் போட்டுக் கேட்டேன். அதே காற்று, அதே இரைச்சல். அதற்குள்ளிருந்து இப்போது ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. இனி அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.