என் வரியில் அவள் பெயர்

பிப்ரவரி 4, செவ்வாய்

வெளியே நிலக்கரிப் புகை, உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் இருமல், மூடினால் வேர்வை. பிஷ்கெக்கில் பிப்ரவரி என்றால் இதுதான்.

கோடைத் திருத்தச் சொல்லி வந்த பேட்சுகளில் இன்று மூன்றைத் திருப்பி அனுப்பினேன். கம்ப்யூட்டர்களுக்கு அடித்தளமான கெர்னல் மென்பொருளில் நெட்வொர்க் டனல் பகுதிக்கு நான்தான் பராமரிப்பாளன். உலகத்தில் யார் அதில் கை வைத்தாலும் என் தலையசைப்பு இல்லாமல் உள்ளே போகாது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. ஒரு போலந்துக்காரனுக்கு, "இதை எழுதும்போது விழித்திருந்தீர்களா?" என்று பதில் போட்டேன். பொது அஞ்சல் குழு அது, நூற்றுக்கணக்கான பேர் படிப்பார்கள். நல்ல வாக்கியம். அனுப்பிய பிறகும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் புருல் வந்தாள். என் மனைவி அனாரின் தங்கை. கடைவாசல்களில் நிற்கிற பணம் கட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் இன்ஜினியர். லக்மான் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள்: "அத்தான், லைன் கட்டாகித் திரும்ப வர்றப்ப எங்க மெஷின் அப்படியே நின்னுடுது. பணத்தை முழுங்கிட்டு கல்லு மாதிரி. உங்க டனல்லதான் மாட்டிக்கிட்டு சாகுது."

"என் டனல்ல எலிகூட மாட்டாது. நீ போய் ஸ்பேஸ் எண்ணு."

போன வருடம் என் கோடில் கோணலாகக் கிடந்த வரிகளை நேராக்கி ஒரு பேட்ச் அனுப்பினாள். சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் ஸ்பேஸ் ராணி. மச்சினியைச் சீண்டாமல் வேறு யாரைச் சீண்டுவது? அவளும் விடமாட்டாள். "ராணி வந்துதானே உங்க குப்பையைக் கூட்ட வேண்டியிருந்துது" என்றாள். அனாருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பிப்ரவரி 10

கண்டுபிடித்துவிட்டாள்.

காலையில் அவளுடைய பேட்ச் குழுவுக்கு வந்தது. லைன் அறுந்ததும் என் கோடு அந்த இணைப்புக்கான நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஒரு பாக்கெட் அதையே படித்துக்கொண்டிருக்கலாம். சாப்பிடுகிறவன் எழுவதற்குள் தட்டை எடுத்துவிடுவது மாதிரி. நாலைந்து வரியில் சரிசெய்திருக்கிறாள். எங்காவது இடறாதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடறவில்லை.

அடியில் ஃபிக்ஸஸ் வரி. எந்தப் பழைய மாற்றத்தால் தவறு நுழைந்ததோ அதன் எண்ணையும் தலைப்பையும் அங்கே போட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். போட்டிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முந்தையது. நான் எழுதியது. அந்த மாற்றத்தைப் பாராட்டித்தான் இந்தப் பகுதியையே என் கையில் கொடுத்தார்கள்.

அல்மாத்தி கம்பெனி ஒன்றில் எனக்குக் கடைசி நேர்காணல் ஏப்ரலில். இந்த வேலையை மட்டும் செய்வதற்குச் சம்பளம் தருகிறவர்கள். குழுவில் வரும் ஒவ்வொரு வரியையும் படிக்கிறவர்கள்.

இப்பவா வரணும் இது?

விளக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரி 13

தலைப்பு நீளம் என்றேன்.

பிப்ரவரி 17

தலைப்பு சுருக்கம், ஒன்றும் புரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 22, சனி

நேரில் வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், கோடுல தப்பு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. கமா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"கமா போடத் தெரியாதவளை நம்பி நான் மெமரியை விடணுமா?"

"இது விளையாட்டு இல்ல அத்தான். அதிகாரப்பூர்வ வெளியீட்டுல வந்தாத்தான் மெஷின்ல ஏத்துவேன்னு ஜூமாபெக் சொல்லிட்டாரு. பேங்க்காரங்க ஒப்பந்தம் அப்படி. என் பேருல வந்துட்டா முழுப் பிரிவையும் என்கிட்டயே குடுக்கறாராம். வரலைன்னா ஆள் குறைக்கறப்ப முதல் ஆள் நான்தான்."

ஜூமாபெக் அவளுடைய முதலாளி. கோடு என்றால் ரோடு என்கிற ஆசாமி.

அனார் பியாலாவில் தேநீர் ஊற்றிக்கொண்டே, "அவளுக்கு முடிச்சுக் குடுங்களேன், என்ன கஷ்டம்" என்றாள்.

"சொந்தக்காரிக்குச் சலுகை குடுத்தேன்னு ஊர் பேசறதுக்கா?"

இதைக் கேட்டதும் அனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு நேர்மையான புருஷன். புருல் மட்டும் பியாலாவைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அடுத்து அனுப்பப்போகும் பேட்சுக்கும் ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை அப்போதே சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 27

முடித்துவிட்டேன்.

அவளுடைய திருத்தத்தை என் கைப்பட எழுதினேன். மாறிகளின் பெயர்கள் வேறு, அமைப்பு கொஞ்சம் வேறு. அனுப்பியது நான். ஃபிக்ஸஸ் வரியில் என்ன போடுவது என்றுதான் நேரம் போயிற்று. அந்த வரிகளைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கெர்னலின் வரலாற்றையே கேட்டேன். கேட்டதும் காட்டியது, புருல் என்று. போன வருடம் நேராக்கினாளே, அப்போது அத்தனை வரியிலும் அவள் பெயர் ஏறிவிட்டது. ஒரே ஒரு வரியை மேலே தள்ளியும் வைத்திருந்தாள். அதனால் ஒன்றும் கெடாது, எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவனுக்கு, "இதனால்தான்" என்று காட்ட அது போதும்.

ஃபிக்ஸஸ் வரியில் அவளுடைய அந்தப் பழைய பேட்சைத்தான் போட்டேன். நான் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் காட்டியதைப் போட்டேன்.

அந்த வரி எந்த வருடத்தைக் காட்டுகிறதோ, அதற்கு முந்தைய வெளியீடுகளுக்குத் திருத்தம் போகாது. போன வருடத்துக்கு முந்தையதெல்லாம் பழையபடி நிற்கும். ஜூமாபெக்கின் மெஷின்கள் பழைய வெளியீடுதான். அது ஜூமாபெக்கின் பாடு.

எனக்கு மேலே இருக்கிறவர் மதியமே சேர்த்துக்கொண்டார். என் பெயர் இருந்தால் யாரும் உள்ளே படிப்பதில்லை.

மார்ச் 1

புருல் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அத்தான், நான் ஸ்பேஸ் மட்டும்தானே சரி பண்ணேன்."

"ஒரு வரியை மேலே ஏத்தினியே."

"அதனால ஒண்ணும் ஆகாதுன்னு அப்ப நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப கவனிக்கல."

அவள் பக்கத்தில் ஏதோ மார்ஷ்ருத்கா வேனின் கதவு இழுத்து மூடும் ஒலி. "சரிங்க அத்தான்" என்று வைத்துவிட்டாள்.

சரியாம். என்ன சரி? சண்டை போட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். நாலு பதில் யோசித்து வைத்திருந்தேன்.

மார்ச் 6

ஜூமாபெக் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். யாரோ குழுவின் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். "என் மெஷினை நீயே உடைச்சுட்டு, நீயே கண்டுபிடிச்சேன்னு வந்து பதவி கேக்கறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அந்த மெஷின்களில் அவளுடைய பேட்சே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அது அவருக்குப் புரிகிற விஷயமா?

அனார் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"நிஜமாவே அவதான் உடைச்சாளா?"

"அவ பேருதான் இருக்கு. வேணும்னா காட்டறேன்."

காட்டினேன். அனாருக்கு அதில் படிக்கத் தெரிந்தது தங்கையின் பெயர் ஒன்றுதான். உடனே ஃபோனை எடுத்தாள். "அவரு உனக்காக எவ்வளவு நேரம் உக்காந்தாரு தெரியுமா? செஞ்ச தப்பை ஒத்துக்கத் தெரியல, நான் இல்லைன்னு சாதிக்கறே. வெக்கமா இல்ல உனக்கு?" இன்னும் என்னென்னவோ. நான் அடுத்த அறையில் மாந்திக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. மேலும் இரண்டு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 21, நூரூஸ் பண்டிகை

பண்டிகைக்குச் சுமலக் களி வாங்கி வந்தேன். புருல் வரவில்லை. மாஸ்கோ போகிறாளாம், கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. விமான நிலையத்துக்குப் போகலாமா என்று அனார் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 24

ஒரு மெயில் போதும். "ஃபிக்ஸஸ் வரி தவறு, சரியானது இது" என்று. சில நொடி வேலை. பழைய வெளியீடுகளுக்கும் திருத்தம் போய்விடும்.

நேர்காணல் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம். அவளுக்குப் போன வேலை போனதுதான், இப்போது எழுதினால் திரும்பி வந்துவிடுமா?

ஏப்ரல் 3, வியாழன்

இஸ்திரி போட்ட சட்டையோடு நேர்காணலுக்கு உட்கார்ந்தேன். திரையில் ரௌஷன். அல்மாத்தி கம்பெனியின் நெட்வொர்க் குழுவுக்குத் தலைவி. நாற்பது வயசிருக்கும், நிதானமான பேச்சு. நலம் விசாரித்தாள், அனாரைக்கூட விசாரித்தாள். பிறகு ஒரு மெஷின் செத்துப்போனபோது விட்டுச்சென்ற பதிவைத் திரையில் போட்டாள்.

"இது எங்க வாடிக்கையாளரோடது. மூணு வருஷம் முந்தின வெளியீடு. உங்க பிப்ரவரி திருத்தம் இதுக்கு வரல. ஏன்னா, நீங்க காட்டினபடி தப்பு போன வருஷம்தான் நுழைஞ்சுது. அந்தப் பொண்ணோட மாற்றம் இதுல இல்லவே இல்ல. ஆனாலும் அதே இடத்துல நிக்குது. எப்படின்னு சொல்லுங்க. ஒரு மணி நேரம் எடுத்துக்கங்க, அவசரம் இல்ல."

எப்படின்னு சொல்லுங்க.

ஒரே வாக்கியம். "தவறு ஆறு வருடமாக இருக்கிறது, என்னுடையது." உலகத்தில் என்னைவிட நன்றாக அதைச் சொல்லக்கூடியவள் மாஸ்கோவில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அடுத்த கேள்வி — அப்போ ஏன் அந்தப் பெண் பெயரைப் போட்டீர்கள்? குழுவில் அவளுடைய பேட்ச் அத்தனையும் கிடக்கின்றன. எனக்கு முன்னால் அனுப்பியவை. தேதியோடு.

என் கோடையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போனேன், கீழே வந்தேன். வேண்டாத இடத்தில் நிறுத்தி, "இங்கே ஏதாவது இருக்கலாம்" என்றேன். ரௌஷன் தலையாட்டினாள். எனக்குத் தெரியும் அங்கே ஒன்றும் இல்லை என்று, அவளுக்கும் தெரியும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், "இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படும்" என்று சொன்னேன்.

"பரவாயில்ல. இது உங்க சொந்தக் கோடுங்கறதாலதான் சுலபமா இருக்கும்னு குடுத்தேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சுலபமாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 7

வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்களாம். வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கொரியன் அனுப்பிய பேட்சைத் திருப்பி அனுப்பினேன். படிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

பனி உருகி ரோடெல்லாம் சேறு. அனாரோடு கடைக்குப் போனேன். அவள் ஃபோனுக்குப் பணம் போட வேண்டும் என்றாள். கடைவாசலில் அந்த மெஷின். நோட்டை உள்ளே விட்டாள். இழுத்துக்கொண்டது. சக்கரம் சுற்றியது, சுற்றியது, அப்படியே நின்றுவிட்டது. விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கையால் அடித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதுதானே புருல் கம்பெனி மெஷின்?"

ஆமாம் என்றேன்.

"அவ சொன்ன மாதிரியே நிக்குது."

"ம்."

"அவ உடைச்சதை நீங்க சரி பண்ணிட்டேன்னீங்க. அவளும் இப்ப ஊர்ல இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் ஏங்க நிக்குது?"

"பழைய மெஷின். அப்படித்தான் நிக்கும்."

"பழசா? அவ கை வெக்கறதுக்கு முன்னாடி உள்ளதா?"

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை, ரௌஷன் கேட்ட அதே கேள்விதான். பின்னால் நின்ற கிழவர், "வேலை செய்யுதா இல்லையா மகளே?" என்று கேட்டார். அனார் ஒதுங்கி வழிவிட்டாள். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள்.

ஏப்ரல் 13

காலையில் பால்கனிக் கதவை மூடிக்கொண்டு தங்கையோடு பேசினாள். ரொம்ப நேரம். உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவகிட்ட கேட்டேன். சிரிக்கறா. 'உனக்கு இப்பத்தான் தெரியுமாக்கா'ங்கறா. முதல் நாளே தெரிஞ்சிருக்கு அவளுக்கு. எல்லாம் அந்தக் குழுவுல அப்படியே இருக்காமே, யார் வேணும்னாலும் பாக்கலாமாமே. வாயைத் திறந்திருந்தா உங்க பேரு நாறியிருக்கும்னா. 'நீ அந்த வீட்டுலதானேக்கா இருக்கணும், அதான் சும்மா இருந்துட்டேன்'னா."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கம்ப்யூட்டரில் பெயர் அப்படித்தான் வரும், வழக்கம் அது, உனக்குப் புரியாது — இப்படி ஏதோ. அவள் கையைத் தூக்கினாள், போதும் என்பது போல.

"நான் அவளை என்னென்ன திட்டினேன் தெரியுமா? நீங்க பக்கத்து ரூம்ல சாப்பிட்டுட்டிருந்தீங்க."

பிறகு எழுந்து துணியெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அலமாரிக்குள் தலையை விட்டபடியே சொன்னாள்: "மாஸ்கோவுக்கு ஒரு டிக்கெட் பாருங்க. எனக்கு மட்டும்."

அந்த மெயிலை அப்போதே எழுதி அனுப்பினேன். ஃபிக்ஸஸ் வரி தவறு, சரியானது இது, திருத்தமும் புருலுடையது. சொன்ன மாதிரியே சில நொடி வேலைதான். அறைக்குப் போய் அனாரிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். ஒரு ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் தளத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். தேதி, பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டாயிற்று. போக மட்டுமா, போய் வரவா என்று கேட்கிறது. அவளைப் போய்க் கேட்க வேண்டும்.