நாலாவது ஆள் உட்காரும் கல்

நாரணாபுரம்
20.8.2006

அன்பு மகள் பாண்டிலட்சுமிக்கும் மாப்பிள்ளை விக்னேஷ்வரனுக்கும் அப்பா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், மீதியை நீயே படித்துக்கொள். உன் மகள் வேல்விழி நன்றாகச் சாப்பிடுகிறாள், தாடையில் பட்ட காயம் ஆறித் தழும்பு மட்டும் இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் போன் இருப்பது பின்வாசல் பக்கம், உன் அம்மாவுக்குக் கேட்கும், அதனால்தான் இந்தக் காகிதம்.

பிள்ளை வழுக்கி விழுந்த அந்தப் பின்வாசல் சிமெண்ட் தளத்தை ஏதாவது செய்யுங்கள் என்று நீதானே போனில் அழுதாய். கொத்தனார் காளிராஜ், தளத்தை முழுக்க உடைக்க வேண்டாம், கல் அளவுக்குக் குழியாகக் கொத்தி எடுத்துக் கலவை போட்டு, சொரசொரப்பான பாவுகல்லை உள்ளே இறக்கிவிடலாம், மேல்மட்டம் சமமாக நிற்கும் என்றான். திருத்தங்கல் போகிற வழியில் பழைய கல் விற்பவனிடம் ஒரு லோடு ஏற்றி வந்தேன். ஏதோ சரக்கு வைக்கிற கிட்டங்கியைப் பிரித்த கல் என்றான். அடியில் பெயிண்டால் நம்பர் போட்டிருந்தது, பிரிக்கும்போது போடுகிற வழக்கம்தான். நம் காளிராஜுக்குத்தான் மூளை அதிகமாயிற்றே, நம்பர்ப்படி வைத்தால் விளிம்போடு விளிம்பு பொருந்தும் என்று, முன்பு எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் பதித்துவிட்டான். பார்க்க அவ்வளவு லட்சணம், நானே மெச்சிக்கொண்டேன்.

கலவை இறுகத் தண்ணீர் ஊற்றினோம். ஈரத்தில் நாலு கல்லில் நாலு வெள்ளித் திட்டு தெரிந்தது, சம்மணம் போட்டு ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து பட்டாசுக்கு மருந்து அடைத்தால்தான் அலுமினியப் பொடி கல்லில் அப்படி ஊறும். உன் அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இது எங்க ரூமுத் தரைல்லா, இங்கன எதுக்குக் கொண்டாந்தீக என்றாள். பட்டாசு ஆலையில் ஒரு மருந்து அறைக்கு நாலு பேர் என்பது உனக்குத் தெரியும். அம்மாவோடு அந்த அறையில் வேலை பார்த்த சுப்புத்தாயும் மற்ற இருவரும் வெடிவிபத்தில் போன அன்றைக்கு, உனக்குக் காய்ச்சல் என்று அம்மா மட்டும் வேலைக்குப் போகவில்லை. சுவரும் கூரையும் பறந்துவிட்டன, தரை அப்படியே கிடந்தது. அந்தத் தரைதான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை, கருப்பசாமி கோயிலுக்கே கறிச்சோற்றுக்காகத்தான் போகிறவன். ஆனால் வேல்விழி அங்கே போகும்போது செருப்பைக் கழற்றுகிறாள், கொலுசையும் கழற்றச் சொல்லிக் காலை நீட்டுகிறாள். உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று மருந்து அறைக்குள் போகிற பெண்கள் செய்கிற காரியம் அது, பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கதவோரத்து நாலாவது கல்லில், ஆலையில் உன் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத குழாயில் ஒன்றுமில்லாத மருந்தை அடைக்கிறாள். சாப்பிட வா என்றால், இன்னும் ரெண்டு குரோஸ் இருக்குன்னு பக்கத்துக் கல்லு அத்தை சொல்லுது என்கிறாள். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ் என்கிற ஆலைக் கணக்கு நாலு வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியும்?

கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். காளிராஜ் கடப்பாறையால் ஒரு போடு போட்டான், பொறி பறந்து மருந்து வாடை குப்பென்று அடித்தது. மருந்துக் கல்லுல இரும்பு வைக்காதீக என்று அம்மா கத்தினாள். கடப்பாறையைப் போட்டுவிட்டுப் போனவன் அதை எடுக்கக்கூட வரவில்லை. அம்மா பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, இது என் இடம், நான் இருந்தா வேற யாரும் உக்கார வேண்டியதில்ல என்று அந்த நாலாவது கல்லில் உட்கார்ந்தாள். அதோடு பிள்ளை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, பழையபடி கொலுசோடு முன்வாசலில் ஓடி ஆடுகிறாள். அம்மா முதலில் மத்தியானம் மட்டும் உட்கார்ந்தாள், இப்போது விடிந்ததும் போய்விடுகிறாள். பக்கத்துக் கல்லைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் உள்ளங்கையில் வெள்ளிப் பூச்சு ஏறியிருக்கிறது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பாண்டி.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. தீபாவளி வரை பொறுக்காதே, லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. வந்ததும் பின்வாசலில் நின்று, காய்ச்சலில் முனகினாயே, அதே மாதிரி அம்மா என்று ஒரு தடவை கூப்பிடு. அன்றைக்கு அந்தக் குரலுக்குத்தான் அவள் வீட்டில் நின்றாள். நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், திரும்பவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணுச்சாமி