அண்ணனின் சோயா வயலில் இடைவெளி

ஜூலை, வியாழன். செம்பூர்.

அண்ணன் இன்று லாத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்தான். அங்கே குத்தகை நிலத்தில் சோயா விதைத்திருக்கிறான். அந்தப் பக்கத்து வழக்கம் ஏக்கருக்கு ஒரு மூட்டை விதை. இந்த வருடம் விதை பொடிசு, மூட்டைக்கு எண்ணிக்கை கூடுதல். முழு மூட்டை போட்டால் செடி நெருங்கிச் சாயும், குறைத்துப் போடு என்று சொன்னவள் நான். விதைக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை சொன்னால் கேட்காமல் இருப்பானா?

"ஏட்டி, பக்கத்து பாஜுவாலா வயலைப் பாரு, பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. நம்மது பொக்கை வாய். காலைல டிராக்டர் வருது. உழுதுட்டு மறுபடி விதைக்கப் போறேன்."

"வேண்டாம்ணே. இனி விதைச்சா பருவம் தப்பிரும். எடம் இருந்தா சோயா கிளை விட்டு அடைச்சுக்கிடும்."

"அடைக்கலைன்னா?"

"நான் பொறுப்பு" என்றேன். ஆபீசில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

சோறு பிசையும்போதுதான் உறைத்தது. இடைவெளி எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு முழம் என்றால் செடி நிரப்பிவிடும். மழையில் மண் இறுகி, கட்டில் போடும் அளவுக்கு இடம் முளைக்காமல் போயிருந்தால் எந்தக் கிளையும் எட்டாது. போனில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிறகு பார்த்தால், ஏற்கெனவே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து கிடந்தது. "டிராக்டர்காரனை வேற வயலுக்குப் போகச் சொல்லிட்டேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கப் போறேன்."

திட்டியிருந்தால் நானும் தூங்கியிருப்பேன்.