ஓரிக்கைக்குப் போன கேபிள்

ஜூன் 3, செவ்வாய்
ஓரிக்கை கேபிள் முடிந்தது. அந்த ஊரில் ஜெயமணி என்று ஒரு அக்கா, பட்டுப் புடவைக்கு பார்டர் வரைகிறவர். அவருடைய பழைய கம்ப்யூட்டரின் மானிட்டர் போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் பின்னால் பதினைந்து ஓட்டை, இரண்டு வரிசையில். கடையில் இப்போது கிடைக்கிற மானிட்டருக்கு மூன்று வரிசை. நடுவில் ஒரு கேபிள் வேண்டும். உத்திரமேரூரில் உட்கார்ந்து இதைச் செய்கிற ஒரே பைத்தியம் நான்தான். கூரியரில் போட்டாயிற்று.

ஜூன் 5, வியாழன்
காலை ஒன்பதுக்கு போன். "சுபாஷ்ரீயா? படமே வரலம்மா. கறுப்பாவே கீது." திருப்பி அனுப்பச் சொன்னேன். வைப்பதற்கு முன் கேட்டார்: "நாஷ்டா ஆச்சா?"
அம்மா போய் ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு காலையில் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. கேபிள் நன்றாக வேலை செய்தால் ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

ஜூன் 7, சனி
கேபிள் திரும்பி வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. வரைபடத்தில் எண் போட்டிருப்பது பிளக்கின் முன்பக்கம். நான் சால்டர் வைத்து ஒயரை ஒட்டுவது பின்பக்கம். இடம் வலம் மாறி எல்லா ஒயரும் தப்பு. தொழில் பழகிய முதல் மாதத்தில் செய்த தப்பு! அரை மணியில் சரிசெய்து, என் மானிட்டரில் போட்டும் பார்த்தேன், படம் வந்தது.

ஜூன் 9, திங்கள்
ஒன்பதுக்கு அக்கா போன். "ஒரு பார்ட் வரணும்க்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 10
இன்றும் போன். செய்யாத உப்புமாவைச் சாப்பிட்டதாகச் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்
"வூட்டுல ரெண்டு தறியும் சும்மா கீது சுபா. டிசைன் எல்லாம் அந்தப் பொட்டியில மாட்டிக்கினு கீது. நெய்யிற தமிழரசன் கல்லு தூக்கப் போயிட்டான். நான் இன்னா பண்ணுவேன்?"
கேபிள் என் மேஜைமேல். அஞ்சு நாளா ரெடியா கீது. சீ, இன்னா பொம்பள நானு?

ஜூன் 13, வெள்ளி
முதல் பஸ்ஸில் போய், பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரிக்கையில் இறங்கினேன். கேபிளை மாட்டியதும் திரையில் மாங்காய் பார்டர். அக்கா கைகொட்டிச் சிரித்தார்.
சொல்லிவிட்டேன். "சனிக்கிழமையே ரெடிக்கா. குடுத்துட்டா உங்க போன் நின்னுடும்னு வெச்சிருந்தேன்."
சிரிப்பு நின்றது. "உனுக்குப் பேச ஆள் இல்லன்னு அவன் கல்லு தூக்கணுமா? கெளம்பு."

ஜூன் 16
ஒன்பது மணி. போன் இல்லை.

ஜூன் 20
இல்லை. கேபிள் நன்றாக வேலை செய்கிறது.

ஜூலை 2, புதன்
ஒன்பதுக்கு போன்! "கேபிள் சரியில்ல. வந்து பாரு." குரலில் கோபம் குறையவில்லை.
சால்டரிங் அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தமிழரசன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திரையில் படம் பளிச்சென்று இருந்தது. கேபிளை ஆட்டிப் பார்த்தேன். படம் அசையவில்லை.
"இதுல இன்னாக்கா ஃபால்ட்டு?"
அக்கா எனக்கென்று ஒரு தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தார்.